பனியன் கம்பெனியில் பிள்ளைகளுக்கு ரூம்: 50 என்றால் எந்த 50?

செக்கிங் செல்வி:
நேத்து வேற ஒரு திரியில டைம்கீப்பர்ங்கற பெரியவர் தீர்ப்பே எழுதிட்டார்: "50 பெண்கள் இருந்தால்தான் கம்பெனியில் குழந்தைகள் காப்பகம். கையெழுத்து வாங்க அலைபவர்கள் முதலில் சட்டம் படிக்கட்டும்." அலையறது நாங்கதானுங்க. ஞாயித்துக்கிழமையானா திருப்பூர்ல லைன்வீடு லைன்வீடா ஏறி இறங்கறோம். கேக்கறது ரெண்டே ரெண்டு. கம்பெனிக்குள்ள பிள்ளைகளுக்கு ஒரு ரூமும் ஒரு ஆயாவும். ஏரியா அங்கன்வாடி ராத்திரி எட்டரை வரைக்கும். ஒன்றரை ஷிப்ட் முடிய எட்டரை ஆகுது, அங்கன்வாடி நாலு மணிக்கெல்லாம் பூட்டிருது.

போன வாரம் ஓவர்லாக் ஓட்டற பொண்ணு ஒருத்தி ஒன்றரை வயசுக் குழந்தையை பீஸ் மூட்டைச் சந்துல படுக்க வச்சிருந்தா. எழுப்பறப்ப இமை பூரா பஞ்சு, காதுக்குள்ள நூல் துண்டு. ஒடிசாவுல இருந்து வந்தவ, இங்க அவளுக்கு யாரும் இல்லை.

எங்க கம்பெனியில 84 பேர், அதுல பொம்பளைங்க 28. 2025 நவம்பர் வரைக்கும் இருந்த மகப்பேறு பயன்கள் சட்டத்துல 2017ல சேர்த்த 11ஏ பிரிவு 50 பணியாளர்னுதான் சொல்லுச்சு. பணியாளர்! ஆம்பளையும் சேர்த்தி. 84 பெருசா 50 பெருசா?

டைம்கீப்பர்:
அம்மணி, நான் மில் ஆபீசில் 31 வருடம் உட்கார்ந்தவன். 2025 நவம்பர் வரை இருந்த மற்றச் சட்டங்களையும் பாருங்கள். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம்: 50 பெண்கள். 1996 கட்டடத் தொழிலாளர் சட்டம்: 50 பெண்களுக்கு மேல். நான் எங்கே தவறினேன்?

செக்கிங் செல்வி:
நாங்க தேயிலையும் பறிக்கலை, சித்தாள் வேலைக்கும் போகலை. பனியன் தைக்கறோம். 11ஏ படிச்சீங்களா இல்லையா?

சின்ன யூனிட்:
நானும் 60 பேரை வச்சு ஜாப் ஒர்க் ஓட்டறவன். ஒரு ஆயா சம்பளம், ரூம் வாடகை, பாலு, ரொட்டி எல்லாம் யார் தலையில? ஆர்டர் கொடுக்கறவன் பீசுக்கு அஞ்சு பைசா ஏத்தித் தர மாட்டான். அப்புறம் இன்னொன்னு. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருக்கற கம்பெனிக்கு 5ஏ, 5பி பிரிவுகள் தவிர அந்த மகப்பேறு சட்டம் பொருந்தாதுன்னு அதுலயே 2(2) பிரிவு இருந்துச்சு. முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க.

டைம்கீப்பர்:
அதே 2025 நவம்பர் வரை இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம், 48ஆம் பிரிவு. 30 பெண்களுக்கு மேல். அம்மணியிடம் 28. 30க்கே எட்டவில்லை, 50க்கு எங்கே எட்டுவது? பெண்கள்தான் கணக்கு. பிள்ளை பெறுவது பெண்கள்தானே.

செக்கிங் செல்வி:
அப்ப நேத்து எழுதின 50 இன்னைக்கு 30 ஆயிருச்சா? நாளைக்கு என்னங்க, 12ஆ? அந்த 28ங்கற கணக்கும் தற்செயல் இல்லீங்க. 30 தாண்டக் கூடாதுன்னே மூணு பேரை எதிர் பில்டிங்ல வேற கம்பெனிப் பேர்ல பஞ்ச் பண்ண வச்சாங்க.

டைம்கீப்பர்:
50 என்றது 50தான். நான் மாற்றவில்லை. 30 வேறு சட்டம்.

மலையகத்தான்:
தோட்டச் சட்டத்த பாதி மட்டும் சொல்லாதீங்க அண்ணே. 1981ல திருத்தினாங்க. 50 பெண்கள் இல்லாட்டியும் பெண் தொழிலாளிகளோட பிள்ளைங்க 20 பேர் இருந்தாப் போதும்னு இருந்துச்சு. நாங்க நுவரெலியா பக்கம் இருந்து தாயகம் திரும்பி வந்த குடும்பம், இப்ப கூடலூர். இலங்கையில இந்தக் காப்பகத்த பிள்ளை மடுவம்னு சொல்லுவோம். காப்பகம்னா எனக்கு அநாதை இல்லம் மாதிரி கேக்குது.

டைம்கீப்பர்:
காப்பகம் நல்ல தமிழ்ச் சொல். மடுவம் என்றால் மாடு கட்டும் இடம்.

மலையகத்தான்:
எங்க அம்மா கொழுந்துக் கூடைய இறக்கி வச்சுட்டு எனக்குப் பால் கொடுத்த இடம் அது. மாட்டுக்கொட்டாய்ங்கறீங்களா? வார்த்தைய வாபஸ் வாங்குங்க.

டைம்கீப்பர்:
பொருளைச் சொன்னேன். வாபஸ் வாங்க ஒன்றுமில்லை.

அங்கன்வாடி அக்கா:
எட்டரை வரைக்கும் திறந்து வைன்னு சுளுவா எழுதிட்டீங்க செல்வி. எட்டரை வரைக்கும் உக்கார்றது யாரு? என் பிள்ளைக்கு யாரு சோறு போடுவா? 1975ல தொடங்கின திட்டம், இன்னும் எங்களுக்குச் சம்பளம்னு சொல்ல மாட்டாங்க, மதிப்பூதியம்னுதான். எங்களுக்கும் பணிக்கொடை உண்டுன்னு 2022ல உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுகூடக் கெஞ்ச வேண்டியிருக்கு. உங்க நோட்டீசுல எங்களுக்காக ஒரு வரி இருக்கா?

செக்கிங் செல்வி:
ரெண்டாவது ஷிப்டுக்கு வேற ஆள் போடச் சொல்லித்தான் கேக்கறோம்க்கா. நோட்டீசுல மூணாவது பத்தி.

அங்கன்வாடி அக்கா:
மூணாவது பத்தியில ஆள்னுதான் இருக்கு. சம்பளம்னு எங்க இருக்கு?

மாண்ட்ரியல் மணியண்ணை:
இங்க கியூபெக்கில 1997ல பிள்ளை பாக்கிற இடத்துக்கு நாளுக்கு 5 டொலர் எண்டு தொடங்கினவை. சும்மா குடுக்கேல்ல. 1995ல பெண்கள் பத்து நாள் நடந்து கியூபெக் சிற்றிக்குப் போனவை. நடந்தாத்தான் கிடைக்கும்.

டைம்கீப்பர்:
பனியில் நடந்தவர்களோடு பனியனை ஒப்பிட வேண்டாம்.

மாண்ட்ரியல் மணியண்ணை:
மே கடைசியில நடந்தவை. பனி எங்க கண்டனீர்?

டைம்கீப்பர்:
கனடாவில் எப்போதும் பனிதான். விஷயத்துக்கு வருவோம்: 50 பெண்கள்.

சின்ன யூனிட்:
எங்க அம்மாதான் எங்க அஞ்சு பேரையும் தறிக்குழி பக்கத்துல தூளி கட்டி வளர்த்தாங்க. அப்ப ஏது பிரிவு, ஏது ஆயா? வீட்டுல பெருசுங்களைச் சேத்துக்காம தனிக்குடித்தனம் வந்தா இப்படித்தான்.

செக்கிங் செல்வி:
ஒடிசாவுல இருக்கற கிழவியை ரயில் ஏத்தி விடுங்க, டிக்கெட் நீங்க போடுங்க. தூளி கட்டறதுக்கு இப்ப லைன்வீட்டு சிமெண்ட் ஷீட்டுல கொக்கி ஏது?

உங்களுக்கு இன்னொன்னும் சொல்றேன். இதுக்கு முன்னாடி நான் இருந்த பெரிய கம்பெனியில ரூம் இருந்துச்சு. வெளிநாட்டு பையர் ஆடிட் வர்ற அன்னைக்கு மட்டும் பூட்டைத் திறப்பாங்க. உள்ளே ஒரு பிளாஸ்டிக் யானை, விலை ஸ்டிக்கரோட. நாலு வருசம் அந்த ஸ்டிக்கர் உரியலைங்க. அன்னைக்கு ஒரு நாளைக்கு சூப்பர்வைசர் வீட்டுப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து உக்கார வைப்பாங்க.

டைம்கீப்பர்:
அங்கே எத்தனை பெண்கள்?

செக்கிங் செல்வி:
முன்னூறுக்கு மேல.

டைம்கீப்பர்:
50க்கு மேல் பெண்கள், ஆகவே ரூம் இருந்தது. என் கட்சியே ஜெயித்தது.

மலையகத்தான்:
பூட்டின ரூம் ஒரு ரூமாண்ணே? மடுவத்துக்கு மன்னிப்பு இன்னும் வரல.

சின்ன யூனிட்:
நான் கேட்ட இ.எஸ்.ஐ. கேள்விக்கு ஒருத்தரும் வாய் திறக்கலை.

செக்கிங் செல்வி:
2(2)ஐக் காட்டி ஆபீசர் மறுத்தா, எழுதிக் கொடுக்கட்டும், கைல வாங்கிக்கறோம். இது வரைக்கும் யாரும் அப்படி எழுதித் தரலை. "மேல பேசிட்டு இருக்கோம்"னு மட்டும்தான்.

சின்ன யூனிட்:
இது பதிலா?

டைம்கீப்பர்:
குறுக்கே வராதீர்கள் தம்பி. பேச்சு 50 பற்றி. மகப்பேறு சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020. அதிலும் 50தான்.

செக்கிங் செல்வி:
50 என்ன? பொம்பளைங்களா, பணியாளரா? வாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொல்லுங்க பாக்கலாம்.

டைம்கீப்பர்:
50. நாளைக் காலை பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் போடுகிறேன்.

அங்கன்வாடி அக்கா:
போன மாசம் மதிப்பூதியத் திரியிலயும் இதே ஜெராக்ஸ்தான் சொன்னார்.

டைம்கீப்பர்:
அன்று கடை லீவு.