ஐசியுவுக்கு வெண்டிலேட்டர் மட்டும் போதுமா?

தக்கலைக்காரன்:
2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், சித்தப்பாவுக்கு ஐசியு படுக்கை தேடி நாகர்கோவில் முழுக்க அலைந்தோம். இன்னும் நாலு வெண்டிலேட்டர் வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்றுதான் அப்போது நினைத்தேன். அது சரிதானா? உள்ளே வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நைட் டியூட்டி அக்கா:
மெஷினை யார் பார்ப்பது, தம்பி? வெண்டிலேட்டரில் கிடக்கும் ஒருவருக்கு ஒரு நர்ஸ் வேண்டும். அந்த மே மாதம் நான் ஒருத்தியே நாலு பேரைப் பார்த்தேன், அதுவும் உடம்பு முழுக்க மூடும் பிபிஇ கிட்டுக்குள் வேர்த்து ஊற்ற. ஒரு நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்கவே நாலைந்து பேர் சேர வேண்டும். பொது வார்டு நர்ஸ் பிள்ளைகளை ஐசியு அனுபவமுள்ள ஒருவரோடு சேர்த்து விட்டார்கள், அதனால்தான் சமாளித்தோம்.

கடுக்கரை:
ஆக்சிஜனை விட்டுவிட்டீர்களே அக்கா. மூக்கு வழியாக ஆக்சிஜனை வேகமாகச் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும், 7,000 லிட்டர் ஜம்போ சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. திரவமாக வந்தால் 1 லிட்டர் சுமார் 860 லிட்டர் வாயுவாகும், அதனால்தான் பெரிய டாங்க் வேண்டும். ஆனால் ஒரேயடியாக இழுத்தால் திரவத்தை வாயுவாக மாற்றும் ஆவியாக்கியில் பனி உறைந்து அழுத்தம் இறங்கிவிடும். அப்போது நம் பக்கத்து மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலிருந்துகூட டாங்கரில் திரவ ஆக்சிஜன் போனதே!

குளச்சல் மக்கா:
2017 ஒக்கி புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லையே, மறந்துவிட்டதா? ஜெனரேட்டர் இருந்தால் போதாது, டீசல் வேண்டும், மரம் விழுந்த ரோட்டில் அது வந்தும் சேர வேண்டும்.

தக்கலைக்காரன்:
டீசல் வரைக்கும் நான் யோசிக்கவே இல்லை. அக்கா, அந்த வார்டு பிள்ளைகளுக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுத்தார்கள்?