வடக்குத் தெரு சொந்தங்கள்

திங்கள், இரவு 8.40

மீனா: அண்ணா, போன மழைக்கு எங்க வீட்டுல தண்ணி ஏறினப்ப உங்க பீரோல ஒரு பச்சை ஃபைல் வச்சேனே, அது வேணும். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் ஒரிஜினல் அதுலதான் இருக்கு. வியாழக்கிழமை சென்னைல கவுன்சிலிங்

செந்தில் சிங்கப்பூர்: யாருக்குக் கவுன்சிலிங்

மீனா: எனக்குத்தான்டா. எம்பிபிஎஸ்

செந்தில் சிங்கப்பூர்: அக்கா!!!!!

சரோஜா அத்தை: எந்தப் புள்ளைக்கு

செந்தில் சிங்கப்பூர்: அத்தை மேல படிங்க. அக்காவுக்கேதான்

சரோஜா அத்தை: அவதான் நர்சாச்சே

பாஸ்கர் மாமா: ஞாயித்துக்கிழமை வளைகாப்புக்கு 60 பேரா 80 பேரான்னு சமையல்காரர் கேக்கறார்

ராஜேந்திரன் சித்தப்பா: அனைவருக்கும் வணக்கம். சிலருக்குக் குழப்பம் இருப்பதால் விளக்குகிறேன். நீட் எழுத இப்போது உச்ச வயது வரம்பு இல்லை. 2022ல் எடுத்துவிட்டார்கள். ஒடிசாவில் பேங்கில் ரிட்டயர் ஆன ஒருவர் 2020ல் 64 வயதில் சேர்ந்தார். மீனா ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை நம்மூர் கவர்மென்ட் ஸ்கூல். ஆகவே 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. சீட் கிடைத்தால் ஃபீஸ், ஹாஸ்டல் அரசாங்கமே கட்டும். படிப்பு நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷம். ஒன்பது வருஷத்துக்குள் பாஸ் பண்ணியாக வேண்டும். வேலையை விட்டால் பென்ஷன் போகுமே என்பார்கள். 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்கு வந்தவள், பழைய பென்ஷன் அவளுக்கு முதலிலேயே கிடையாது. (தொடரும்)

செந்தில் சிங்கப்பூர்: அப்பா தொடர வேணாம்

சரோஜா அத்தை: அப்ப எனக்கு வாராவாரம் பிபி பாக்க யாரு வருவா

மீனா: வந்து பாப்பேன் அத்தை

சரோஜா அத்தை: மாப்பிள்ளை என்ன சொல்றாரு

செந்தில் சிங்கப்பூர்: குரூப்லதான் இருக்கார். 2019ல ஒரு குட்மார்னிங் போட்டார்

முருகேசன் அண்ணன்: நல்ல விஷயம்தான். ஆனா தருமபுரி பக்கம் 61 வயசு வாத்தியார் ஒருத்தர் இதே கோட்டால கவுன்சிலிங் வரைக்கும் போய், சின்னப் பிள்ளைங்களுக்கு இருக்கட்டும்னு சீட்ட விட்டுக் குடுத்தார். பேப்பர்ல வந்துச்சு

மீனா: தெரியும்ணா

முருகேசன் அண்ணன்: சும்மா சொன்னேன். 2001லயே போயிருக்க வேண்டியவ நீ

சரோஜா அத்தை: எப்படிப் போவா. நுழைவுத் தேர்வுல கொஞ்சத்துல போச்சு. பிரைவேட்ல சேக்கலாம்னா மேல வயல வித்த காசு ஒன் இன்ஜினியரிங்குக்குப் போயிருச்சு

முருகேசன் அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செந்தில் சிங்கப்பூர்: அக்கா எப்பக்கா படிச்சீங்க

மீனா: நைட் டூட்டில. உயிரியல் 90 கேள்வி, அது சமாளிச்சேன். பிசிக்ஸ்தான் உயிரெடுத்துருச்சு. தர்ஷினியோட கோச்சிங் புக்குங்க பழைய பேப்பர்காரனுக்குப் போட இருந்துச்சு, அண்ணிகிட்ட கேட்டு எடுத்துட்டு வந்தேன்

செந்தில் சிங்கப்பூர்: ஓ

பாஸ்கர் மாமா: 60ஆ 80ஆ

மீனா: ஃபைல் யாராச்சும் குடுத்தா பஸ்ஸுல கூட அனுப்பிடலாம்ணா

முருகேசன் அண்ணன்: நான் ஓசூர்ல இருக்கேன். சாவி வளர்கிட்ட

மீனா: அண்ணிக்கு சாயங்காலமே மூணு தடவை போன் பண்ணேன்

ராஜேந்திரன் சித்தப்பா: தர்ஷினி படித்தது சிபிஎஸ்இ. ஆகவே அவளுக்கும் இந்த ஒதுக்கீட்டுக்கும் சம்பந்தம் இல்லை. அவள் சீட்டை இவள் எடுத்துக்கொண்டதாக யாரும் நினைக்க வேண்டாம்

செந்தில் சிங்கப்பூர்: அப்பா!!! யாரு அப்படிச் சொன்னா

ராஜேந்திரன் சித்தப்பா: பொதுவாகச் சொன்னேன்

இரவு 10.55

தர்ஷினி: அத்தை, மாடி ரூம் பீரோதான? சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அம்மா தூங்கினதும் எடுக்கறேன்

வளர்மதி அண்ணி: நான் தூங்கல

தர்ஷினி: சாரிம்மா

மீனா: அண்ணி

வளர்மதி அண்ணி: காலைல பாப்போம்

பாஸ்கர் மாமா: அப்ப 80ன்னு சொல்லிடறேன்