காணாமல்போனவர் வழக்குகளை மாணவர்களிடம் கொடுப்பது எப்படி?

தடயவகுப்பு:
பி.எஸ்சி. தடய அறிவியல், மூன்றாம் ஆண்டு, 20 பேர். துப்புத் துலங்காத பழைய வழக்குகளை ஒரு பருவம் முழுக்க ஆராயச் சொல்லலாம் என்று எண்ணம். ஆனால் போலீஸ் கோப்பு எதுவும் கையில் இல்லை. ‘கொலையாளி யார்’ என்று ஆளாளுக்குக் கிளம்பிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. உருப்படியாக என்ன செய்ய வைக்கலாம்?

பெயர்தேடி:
கொலையாளியை விட்டுவிடுங்கள். பெயரில்லாத உடலுக்குப் பெயர் தேடச் சொல்லுங்கள். கோப்பு இல்லாமல் நேர்மையாகச் செய்யக்கூடிய வேலை அதுதான்.

அமெரிக்க அரசின் நேம்அஸ் (NamUs) தளத்தில் காணாமல்போனவர்கள் ஒரு பக்கம், அடையாளம் தெரியாத உடல்கள் மறுபக்கம், யாரும் தேடலாம். உடல் கிடைத்த தேதி, உத்தேச வயது, உயரம், உடை, பச்சை குத்திய அடையாளம் என்பதெல்லாம் இருக்கும். ஏற்கெனவே ஒப்பிட்டு ‘இவர் இல்லை’ என்று தள்ளியவர்களின் பட்டியலும் இருக்கும். அதை முதலில் படிக்கவில்லையென்றால் ஒரு மாத உழைப்பு வீண்.

குழுவுக்கு 4 பேர், ஓர் உடல். இரண்டு பேர் தனித்தனியாக விவரங்களை எக்செல்லில் ஏற்றட்டும், மற்ற இருவர் ஒப்பிட்டுப் பிழை பிடிக்கட்டும். ஒவ்வொரு பெயரையும் எந்தக் காரணத்தால் தள்ளினார்கள் என்று ஒரு வரி கட்டாயம். மதிப்பெண் அந்தக் காரணங்களுக்குத்தான், ஆள் கிடைத்ததா என்பதற்கு இல்லை.

எலும்பும்பல்லும்:
மேலே சொன்னது சரி. ஆனால் தள்ளும் இடத்தில்தான் மாணவர்கள் சறுக்குவார்கள்.

உயரம்: தொடை எலும்பை வைத்துப் போடும் கணக்கிலேயே திட்டப் பிழை (கணக்கு வழக்கமாக விலகும் அளவு) 3 செ.மீ.க்கு மேல். இருபுறமும் 6, 7 செ.மீ. விட வேண்டும். காணாமல்போனவரின் உயரமும் பெரும்பாலும் வீட்டார் குத்துமதிப்பாகச் சொன்னது. அழுகிய உடலில் எடை, கண் நிறம் இரண்டையும் நம்பவே கூடாது. இறந்து எவ்வளவு காலம் என்பது வெப்பம், ஈரம், புதைந்த ஆழத்தைப் பொறுத்து வெகுவாக மாறும்; அதை வைத்து யாரையும் தள்ளாதீர்கள். உடல் கிடைத்த பிறகு உயிரோடு பார்க்கப்பட்டவரைத் தாராளமாகத் தள்ளலாம்.

பல் ஒருவழிப் பாதை. முன்பே பிடுங்கிய நிரந்தரப் பல் உடலில் இருந்தால் ஆள் வேறு. பழைய பதிவில் நன்றாக இருந்த பல் உடலில் அடைக்கப்பட்டிருந்தால் அது விலக்கு ஆகாது, பிறகு அடைத்திருக்கலாம். கர்ப்பப்பை நீக்கத்துக்கும் இதே தர்க்கம். இந்த ஒன்றை மட்டும் ஒரு வகுப்பு முழுக்கப் பயிற்சி கொடுங்கள்.

தடயவகுப்பு:
மிக்க நன்றி. ஒரு பெயர் பொருந்துவதுபோல் வந்துவிட்டால்? தமிழ்நாட்டு வழக்குகளையும் எடுக்கலாமா?

பெயர்தேடி:
பொருந்துவதுபோல் வந்தால் நீங்கள் ஒருவர் மட்டும், வழக்குப் பக்கத்தில் உள்ள அதிகாரிக்கு, ஒரே கடிதம். இரண்டு வழக்கு எண்கள், ஒத்துப்போகிறவை, ஒத்துப்போகாதவை. இரண்டு பக்கம் போதும். ஒத்துப்போகாததை மறைத்த கடிதத்தை அடுத்த முறை யாரும் மதிக்க மாட்டார்கள். குடும்பத்தாருக்குப் போன், முகநூல் பதிவு இரண்டும் கூடவே கூடாது. ‘உங்கள் மகளாக இருக்கலாம்’ என்று ஒரு மாணவர் தவறாகச் சொன்னால் அந்த வீட்டில் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

டென்னசியில் எலிசபெத்டன் உயர்நிலைப் பள்ளியின் சமூகவியல் வகுப்பு, 1980களில் செம்முடிப் பெண்கள் கொல்லப்பட்ட வழக்குகளை 2018இல் ஆராய்ந்து, ஒரே ஆள் செய்திருக்கலாம் என்று கொலையாளியின் குணக்குறிப்பை வெளியிட்டது. செய்திகளின் கவனம் அந்த வழக்குகள் பக்கம் திரும்பியது. ஆனால் அவற்றுள் ஒரு பெண்ணின் பெயரை அதே ஆண்டு உறுதிசெய்தது விரல்ரேகைதான். கவனத்தைத் திருப்புவதோடு மாணவர்களின் எல்லை முடிகிறது, உறுதிசெய்வது அவர்கள் வேலை இல்லை.

தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் காணாமல்போனவர், அடையாளம் தெரியாத உடல் பட்டியல்கள் உண்டு. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களையும் பாலியல் குற்ற வழக்குகளையும் தொடாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவதே குற்றம்.

எலும்பும்பல்லும்:
இன்னொன்று. சடலப் படம் பார்க்க முடியாத மாணவருக்கு உடை, நகை, காலவரிசை வேலையைக் கொடுங்கள். காரணம் கேட்காதீர்கள், மதிப்பெண்ணும் குறையக் கூடாது.