பண்ணையில் கழிக்கும் முட்டைக்கோழிகளை மலையகக் குளிரில் வளர்க்க முடியுமா?

கேள்வி (தலவாக்கலை)

அனைவருக்கும் வணக்கம். குருநாகல் பக்கத்துப் பண்ணையொன்றில் வேலை செய்யும் என் மைத்துனர், ஒன்றரை வயதாகிவிட்ட முட்டைக்கோழிகளை இம்மாதக் கடைசியில் இறைச்சிக்குக் கழிக்கப்போவதாகவும், விரும்பினால் பன்னிரண்டை எனக்கு வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். சென்ற முறை அங்கே போனபோது, இறக்கையை விரிக்கவும் வழியில்லாத கம்பிக்கூண்டில் அவை நெருக்கியடித்து நின்றதைப் பார்த்தேன். மண்ணையே மிதித்திராத அந்த உயிர்களில் சிலவற்றையாவது வாழவைக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து அகலவில்லை. எங்கள் லயத்துக்குப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்குப்) பின்னால் ஏழு பேர்ச்சஸ் (ஒரு பேர்ச்சஸ் சுமார் 25 சதுர மீற்றர்) மரக்கறித் தோட்டம் உண்டு. இந்தக் குளிரில் அவை பிழைக்குமா, தொடர்ந்து முட்டையிடுமா, அந்த முட்டையை நியாயமான விலைக்கு விற்க முடியுமா?

பதில் (பண்டாரவளை)

தம்பி, இப்படிப் பதினைந்து கோழிகளைக் கொண்டுவந்து வளர்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். குளிருக்கு முன்பு, எலும்பு முறிவுக்குத்தான் அஞ்ச வேண்டும். ஒவ்வொரு முட்டையோட்டுக்கும் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் போய்விடுவதாலும், கூண்டுக்குள் நடமாட்டமே இல்லாததாலும், அவற்றின் எலும்புகள் மிகவும் மெலிந்திருக்கும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்காமல், இரு கைகளாலும் இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்கச் சொல்லுங்கள். எனக்கு வந்தவற்றில் இரண்டு, கால் முறிந்து வழியிலேயே இறந்துவிட்டன. அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

வந்தவுடன் வெளியே விடாமல், மரத்தூள் பரப்பிய கூட்டுக்குள் ஒரு வாரம் வைத்திருங்கள். அப்போதுதான் இரவில் அங்கே திரும்பி அடையப் பழகும். பெரும்பாலும் அலகு வெட்டப்பட்டிருக்கும் என்பதால், தானியத்தைக் கொத்தித் தின்னத் தடுமாறும். பண்ணையில் தின்ற தீனையே சில வாரங்கள் கொடுத்து, சிப்பித்தூளைத் தனியே ஒரு சட்டியில் வையுங்கள். அடையும் கம்பு முழங்கால் உயரத்தைத் தாண்ட வேண்டாம். எட்டாம் நாள் கதவைத் திறந்தபோது, ஒரு கோழி வாசலில் நின்று ஒற்றைக் காலை மண்ணில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தது. அன்று பிற்பகலே எல்லாம் மண்ணில் குளித்துக்கொண்டிருந்தன.

இறகு உதிர்ந்த உடம்புக்கு ஈரமும் காற்றும்தான் பகை. உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிப்பதால், மேற்குப் பக்கத்தைத் தகரத்தால் அடைத்து, கூரையடியில் மட்டும் காற்றுக்கு இடைவெளி விடுங்கள். மரநாய்க்கும் கீரிக்கும் தப்ப, இரவில் பூட்டுவது அவசியம். முட்டை குறையத்தான் செய்யும்; பண்ணையில் மின்விளக்கால் 16 மணி நேரம் வெளிச்சம் கொடுப்பார்கள், நம்மிடம் இருப்பதோ ஏறத்தாழ 12 மணி நேரப் பகல்.

பதில் (ஹட்டன்)

மேலே அக்கா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அயலில் ஊர்க்கோழிகள் இருந்தால், குறைந்தது இரண்டு வாரம் உங்கள் கோழிகளைத் தனியே வையுங்கள். பண்ணைக் கோழி தடுப்பு மருந்து பெற்றிருப்பதால் நோயை வெளியே காட்டாமல் சுமந்து வரக்கூடும். ஊர்க்கோழிக்கு ராணிக்கெட் என்னும் தொற்றுநோய் வந்தால் முழு லயத்துக் கோழிகளும் ஒரு வாரத்தில் போய்விடும். எப்போது எந்த மருந்து கொடுத்தார்கள் என்று பண்ணையில் எழுதி வாங்கி, அரச மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். களைநாசினி அடித்த தேயிலை மலைக்குள் போகாதபடி வேலியும் வேண்டும்.

பதில் (நுவரெலியா)

பன்னிரண்டு கோழிகளை எடுப்பதால் அந்தக் கூண்டு காலியாகாது. அடுத்த தொகுதி வந்து நிறைந்துவிடும். எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்தப் பன்னிரண்டுக்கும் அது முழு வாழ்க்கை. ஆனால் கூண்டு முறை மாற வேண்டுமானால், திறந்தவெளி முட்டைக்கு உரிய விலை கொடுப்பவர்களும் சட்டமும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் சட்டம் இயற்றி, 2012இல்தான் கம்பு, முட்டையிடும் மறைவு எதுவும் இல்லாத வெறுங்கூண்டை முற்றாகத் தடைசெய்தது. அங்கே திறந்தவெளி முட்டை என்று விற்க, ஒரு கோழிக்கு 4 சதுர மீற்றர் வெளி வேண்டும். அந்தக் கணக்கில் உங்களுக்கு இரண்டு பேர்ச்சஸ் போதும்.

விலைக்கு இப்படிக் கணக்குப் பாருங்கள். ஒரு கோழி நாளுக்குச் சுமார் 115 கிராம் தீன் தின்னும். பன்னிரண்டும் சேர்ந்து ஆறு முட்டை இட்டால், ஒவ்வொரு முட்டைக்கும் 230 கிராம் தீன் செலவாகிறது. கடை விலைக்கு விற்றால் நட்டம்தான். 'ஊர்க்கோழி முட்டை' என்று சொல்லி விற்காமல், அவை எங்கிருந்து வந்தவை என்பதையே சொல்லி விற்றுப்பாருங்கள். கோழி எருவை உங்கள் லீக்ஸ் பாத்திக்கே போடலாம்.

கேட்டவரின் பதில்

மிக்க நன்றி. முதலில் ஆறு கோழிகளை மட்டும் எடுக்கிறேன். தடுப்பு மருந்து விபரத்தை மைத்துனரிடம் கேட்டுவிட்டேன். மேற்குப் பக்கத் தகரம் நாளை வருகிறது.