தரம் 6 ஊசிப் படிவம்

(ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு, யாழ்ப்பாணம்)

6ஆ வகுப்பாசிரியை: எச்.பி.வி. ஊசி, அதுதான் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி, அதற்குப் பெற்றோர் கையெழுத்து வைக்கிற படிவம் பாதிதான் திரும்பி வந்திருக்கிறது. இன்று ஒரு அம்மா கேட்டா, “இதைப் போட்டால் பிறகு பிள்ளை தங்காதாமே, உண்மையோ ரீச்சர்?” என்று. என்ன சொல்லி அனுப்புவது?

விஞ்ஞான ரீச்சர்: அப்படி ஒன்றும் இல்லை என்று துணிந்து சொல்லுங்கோ. ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதன் மேலோட்டுப் புரதம் மட்டும்தான். இலங்கையில் 2017இலிருந்து தரம் 6 மாணவிகளுக்குப் போடுகிறார்கள்.

கணித சேர்: 11 வயதுப் பிள்ளைக்கு இது என்னத்துக்கு என்றுதான் தகப்பன்மார் கேட்கிறார்கள். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு, மறைக்கவில்லை.

விஞ்ஞான ரீச்சர்: தொற்று வர முன்னர் போட்டால்தான் முழுப் பலன் சேர். வந்த தொற்றை ஊசி விரட்டாது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் நூற்றுக்கு 70 பங்கு 16, 18 என்ற இரண்டு வகை எச்.பி.வி. வைரஸ்களால் வருகிறது. இரண்டையும் இது தடுக்கும்.

கணித சேர்: பாலுறவால் தொற்றுவது என்று சொன்னால் தகப்பன் கையெழுத்து வைப்பாரோ?

விஞ்ஞான ரீச்சர்: ஹெப்படைட்டிஸ் பி-யும் அப்படித் தொற்றும்தான். ஈரல் புற்றுநோயைத் தடுக்கிற அந்த ஊசியை இதே பிள்ளைகளுக்குக் கைக்குழந்தையிலேயே போட்டாச்சு. அப்போது ஒருவரும் ஒழுக்கத்தைப் பற்றிக் கதைக்கவில்லையே! எச்.பி.வி. பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து போகும். கலியாணம் கட்டி ஒருவரோடு மட்டும் வாழ்கிறவருக்கும் வரலாம்.

சங்கீத ரீச்சர்: அக்கா, என்ர மகளுக்குப் போன வருஷம் போட்டது. ஒரு நாள் கை நோவு, அவ்வளவுதான். ஆனால் வரிசையில் முன்னுக்கு நின்ற பிள்ளை பயத்தில் மயங்கிப்போச்சுதாம். அதைப் பார்த்து மற்றதுகளும் ஒரே அழுகை 😅

6ஆ வகுப்பாசிரியை: அப்ப காலைச் சாப்பாடு சாப்பிட்டு வரச் சொல்லி எழுதிவிடுகிறேன். போட்ட பிறகு கால் மணித்தியாலம் இருத்தி வைப்போம்.

கணித சேர்: ஹெப்படைட்டிஸ் கதையைப் பெற்றோர் கூட்டத்தில் நானே சொல்கிறேன். தகப்பன்மார் எப்படியும் என்னிடம்தான் வருவார்கள்.

அதிபர்: நல்லது. புதன் 2 மணிக்குக் கூட்டம். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருகிறார். படிவத்தை அங்கேயே நிரப்பலாம்.

விஞ்ஞான ரீச்சர்: இன்னொன்று. ஊசி போட்டாலும் பிற்காலத்தில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை வேண்டும். சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் இலவசமாகச் செய்கிறார்கள். எங்களில் எத்தனை பேர் போனோம்?

சங்கீத ரீச்சர்: 🙈 எனக்கு வாற ஆவணியில் 35. தனியப் போக வெட்கமாக இருக்கிறது, ஆராவது கூட வாறீங்களோ?

6ஆ வகுப்பாசிரியை: நான் வாறன். வெள்ளி மட்டும் வேண்டாம், கோயில்.