ராக் க்ராலர் சர்வோவுக்கு தனி பிஇசி வேணுமா?
வணக்கம் நண்பர்களே, செகண்ட் ஹேண்ட்ல வாங்குன ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்10 டூ ராக் க்ராலர் (பாறை ஏறுற ரிமோட் கார்) வண்டிய முழுசா கழட்டி பேரிங் மாத்தி டிஃப்ல (ஆக்சில் நடுவுல இருக்குற கியர் பெட்டி) புது கிரீஸ் வச்சு திரும்ப மாட்டிட்டு இருக்கேன், மெதுவா சுத்துற 35 டர்ன் பிரஷ்டு மோட்டார அப்படியே விட்டுட்டேன், பாறை ஏற வேகம் வேணாம், மெதுவா ஊர்ந்து போற கன்ட்ரோல்தான் முக்கியம். வெயிட் கீழயும் முன்னாடியும் இருக்கணும்னு முன் ஆக்சிலுக்கு பித்தளை நக்கிள் (சக்கரம் திரும்புற மூட்டு) போடப்போறேன், அதனால ஸ்டியரிங்குக்கு 25 கிலோ டார்க் (திருப்பு விசை) உள்ள மெட்டல் கியர் சர்வோ, அதாவது சக்கரத்த திருப்புற குட்டி மோட்டார். இங்கதான் குழப்பம். டயர் கல்லுல சிக்கி சர்வோ முக்கும்போது இழுக்குற கரண்ட்ட ஈஎஸ்சிக்குள்ள (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்துற போர்டு) இருக்குற பிஇசி (பேட்டரி வோல்டேஜ குறைச்சு சர்வோவுக்கு குடுக்குற சர்க்யூட்) தாங்குமா, இல்ல 3எஸ் லிப்போ (மூணு செல்) பேட்டரில இருந்து நேரா தனி பிஇசி போட்டு 7.4 வோல்ட் குடுக்கணுமா? முன்னாடி மட்டும் ஓவர்டிரைவ் கியர் (முன் சக்கரத்த பின் சக்கரத்த விட வேகமா சுத்த வைக்கிறது) போட்டு ஓட்டுனவங்க இருந்தா, வளைவுல நெஜமாவே வித்தியாசம் தெரியுதான்னும் சொல்லுங்க. வயரிங் போட்டோ இருந்தா பெரிய உதவி.