தீவன அறைச் சுண்டெலி

நீலகிரி எமரால்டிலிருந்து:

எலி எந்த நேரத்தில் வெளியே வரும், எதைப் பார்த்து வரும் என்று இங்கே பேச்சு ஓடுவதால் என் அனுபவத்தையும் சொல்கிறேன். எங்கள் வீட்டை ஒட்டி, கோழித் தீவனமும் விதை உருளைக்கிழங்கும் வைக்கிற சின்ன அறை. ஜன்னல் இல்லை, பகலிலும் ஏறக்குறைய இருட்டுதான். அதில் ஒரு சுண்டெலி குடியிருந்தது.

ஜூலை மாதச் சாரல். மதியம் 3 மணிக்கே மூடுபனி இறங்கி, வீட்டில் லைட் போட வேண்டியிருக்கும். இருட்டினால் எலி வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அந்த இருட்டுக்கெல்லாம் அது அசையவே இல்லை. மாலை 7.15 வாக்கில்தான் வந்தது, முன்னே பின்னே பத்து நிமிடம். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். சிவப்பு வெளிச்சம் எலிக்கு அவ்வளவாகத் தெரியாது. முதலில் மூக்கு மட்டும் வளையிலிருந்து நீளும், மீசை துடிக்கும். அப்புறம் சுவரை உரசியபடியே ஓடிவந்து, உடைத்த மக்காச்சோளம் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் கொறிக்கும். அவ்வளவு அழகு!

டிசம்பரில் பார்த்தால் அதே எலி 6.30க்கே ஆஜர். சூரியன் சீக்கிரம் மறைவதற்கு ஏற்பத் தன் நேரத்தையும் முக்கால் மணி முன்னால் தள்ளிக்கொண்டது.

இதற்குக் காரணம் உடம்புக்குள்ளேயே இருக்கிற கடிகாரம். மூளையில், கண் நரம்புகள் குறுக்கே வெட்டும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு சின்ன நரம்பணுக் கொத்துதான் அது. முழு இருட்டில் வைத்தாலும் சுண்டெலிக்கு அது ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு சுற்றுக்கு 24 மணிக்குக் கொஞ்சம் குறைவாக. கண்ணில் படும் வெளிச்சம் தினமும் அதைச் சரி செய்துவிடும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் நம் வயல் சுண்டெலியை வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். முன்னிரவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினால் மறுநாள் எலி தாமதமாக எழும். பின்னிரவில் காட்டினால் சீக்கிரமே எழும்.

இது தெரியாமல், தீவனம் போகிறதே என்று ஒரு வாரம் ராத்திரி முழுக்க பல்பு எரியவிட்டேன். இரண்டு நாள் வரவில்லை. பிறகு மூட்டையை நகர்த்தினால் அடிப்பக்கம் ஓட்டை! வெளிச்சம் படாத பக்கமாகவே வேலையை முடித்திருந்தது. பல்பைக் கழற்றிவிட்டு, தீவனத்தைத் தகர டிரம்முக்கு மாற்றினேன்.

கொடைக்கானல் பூம்பாறையிலிருந்து:

அக்கா, எங்கள் பூண்டுக் காட்டில் நான் பார்த்தது நிலா. பாத்திகளில் சாம்பலை மெல்லிசாகத் தூவி, காலையில் தடம் பார்ப்பேன். அமாவாசையை ஒட்டி நடுப்பாத்தி வரைக்கும் பொடிப்பொடிக் கால்தடம். பௌர்ணமி என்றால் வேலியோரப் புதருக்கு அடியில் மட்டும்தான். வேலிக்கல்லில் ஆந்தை உட்காரும், நிலா வெளிச்சத்தில் நடுப்பாத்திக்கு வரப் பயம் இருக்காதா? உங்கள் அறைக்குள் நிலா எட்டாதே, அங்கே பௌர்ணமிக்கு எப்படி?

எமரால்டிலிருந்து:

நோட்டில் குறித்திருக்கிறேன் தம்பி. ஜூலை பௌர்ணமியன்று 7.20. மறுநாள் 7.10. எப்போதும் வருகிற நேரம்தான்.